வலிக்கும் இடத்தைச் சொல்லக் கூசும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகளைக் கராத்தே, டேக்வாண்டோ, லெத்வே என்னும் பர்மியக் குத்துச்சண்டை வகுப்புகளில் சேர்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். என் மகளையும் அனுப்பினேன். ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இடுப்பு மூட்டிலும் தொடை இடுக்கிலும் வரும் கோளாறு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவளுக்கு வயது 14. தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு யாங்கூனில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரமே சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை அகட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். எதிரில் இன்னொரு பெண் உட்கார்ந்து, தன் பாதங்களால் இவள் கணுக்கால்களை இன்னும் அகலத் தள்ளுவாள். வலிக்கிறது என்றால், போகப் போகச் சரியாகிவிடும் என்பது சயாவின், அதாவது ஆசிரியரின், பதில்.

மூன்றாவது வாரம், "கால் வலிக்குதும்மா" என்றாள். புதுப் பயிற்சி, வலிக்கத்தானே செய்யும் என்று நல்லெண்ணெயைச் சுட வைத்து முழங்காலிலும் கெண்டைக்காலிலும் தேய்த்துவிட்டேன். அவளும் பேசாமல் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் தேய்த்த இடம் வலித்த இடமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் மாதம் ஒரு மாலை, முன்னோக்கி உதைத்தபோது இடுப்பில் 'டக்' என்று ஏதோ விட்டதுபோல் இருந்ததாம். எங்கள் வீடு நான்காவது மாடி. இந்த ஊர்ப் பழைய கட்டிடங்களின் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து என்று வாசகர்களுக்குத் தெரியும். வெகுநேரமாக ஆளைக் காணோமே என்று இறங்கிப் பார்த்தால், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கராத்தே உடையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வலது தொடையை ஒரு கையால் தூக்கித் தூக்கி அடுத்த படியில் வைக்கிறாள். "கால் தானா எழும்ப மாட்டேங்குதும்மா" என்றாள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் ஒரு சிறு துண்டு பிய்ந்திருந்தது. தொடையின் முன்தசை இடுப்பெலும்பைப் பற்றியிருக்கும் இடம் இந்த வயதில் இன்னும் முழுதாக எலும்பாகி இறுகியிருக்காது, நடுவில் வளரும் குருத்தெலும்பு இருக்கும் என்று டாக்டர் விளக்கினார். பெரியவர்களுக்குத் தசை கிழிகிற வேகத்தில், வளரும் பிள்ளைகளுக்கு எலும்பே பிய்ந்து வந்துவிடுகிறது. துண்டு அதிகம் விலகாததால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. சில வாரம் ஊன்றுகோல். மறுபடி ஓடுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று.

பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்டேன், ஏன் முன்பே இடத்தைச் சொல்லவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டு, "அந்த எடத்த சயாகிட்ட எப்படிம்மா சொல்றது?" என்றாள். ஆசிரியர் ஆண், வகுப்பில் பாதிப் பேர் பையன்கள். தோள் வலித்தால் தொட்டுக் காட்டிவிடலாம், தொடை இடுக்கைக் காட்ட முடியுமா? பையன்களுக்கும் இதே கூச்சம்தான். அதனால் எல்லோரும் பொதுவாகக் 'கால்' என்கிறார்கள். கேட்கிறவர்களும் அதோடு விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன், பெற்ற தாய்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார், இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தால் சில பிள்ளைகளுக்கு வலி முழங்காலில்தான் தெரியுமாம். பத்து வயதுக்கு மேல் வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில், தொடை எலும்பின் பந்து போன்ற தலை, எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதியான வளர்தட்டில் நழுவிவிடுவது உண்டு. எடை கூடிய பிள்ளைகளுக்கு அது அதிகம். பிள்ளை நொண்டுகிறது, முழங்காலில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் இடுப்பைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை எண்ணெய் தேய்த்து நீவிவிடாதீர்கள்.

பெரியவர்கள் கதை வேறு. என் தம்பிக்கு 31 வயது, போன வருடம் லெத்வே பழகப் போனான். டீக்கடைக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பான். எங்கே வலி என்றால், கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலும் இருக்க இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்துக் காட்டுவான். உட்தொடைத் தசை இழுத்தால் ஒரு விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டலாம். இப்படி மொத்தமாகக் கவ்விக் காட்டினால் மூட்டுக்குள்ளேயே கோளாறு இருக்கக்கூடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். தொடை எலும்பின் கழுத்தில் சிலருக்கு ஒரு புடைப்பு இருக்கும். தொடையை மேலே மடக்கும்போது அது, தொடை எலும்பின் தலை பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, அங்குள்ள குருத்தெலும்பு வளையத்தை நசுக்கும். எலும்போடு எலும்பு முட்டுகிற இடத்தில் இன்னும் அழுத்தினால் மூட்டு இளகாது, வளையம்தான் கிழியும். எல்லோருடைய இடுப்பும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. சிலருக்கு எத்தனை வருடம் பழகினாலும் கால் முழுதாக விரியாது. அது சோம்பலும் இல்லை, பயமும் இல்லை.

உட்தொடைத் தசைதான் கோளாறு என்றால் படுத்தே கிடப்பதும் மருந்தல்ல. டென்மார்க்கில் நீண்டநாள் தொடை இடுக்கு வலி இருந்த 68 விளையாட்டு வீரர்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 1999இல் வெளிவந்தது. தசைக்கு வலுவேற்றும் பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியில்லாமல் விளையாட்டுக்குத் திரும்பினார்கள். மசாஜ், மின்சிகிச்சை, நீட்டல் என்று பார்த்தவர்களில் திரும்பியவர்கள் 4 பேர். அந்தப் பயிற்சிகளில் ஒன்று மிக எளிது: மல்லாந்து படுத்து, இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு பந்தை வைத்து அழுத்துவது. இப்போது என் மகள் தினமும் செய்கிறாள்.

வகுப்பு நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு பிள்ளையின் காலை இன்னொருவர் தள்ளி அகட்டுவதை நிறுத்துங்கள். உடம்பு சூடாகும் முன் உதைக்க விடாதீர்கள். முதல் சில மாதம் இடுப்புக்குக் கீழேயே உதைக்கட்டும். சுழன்று உதைக்கும்போது ஊன்றிய காலின் குதிகால் திரும்புகிறதா என்று பாருங்கள். ரப்பர் விரிப்பில் வெறுங்கால் ஒட்டிக்கொண்டால் முறுக்கம் முழுவதும் இடுப்பிலும் முழங்காலிலும்தான் இறங்கும். பெண் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அவர்கள் வாய்விட்டுச் சொல்வதற்குப் பெண் ஒருவர் உடன் இருக்கட்டும்.

தங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, இடுப்பின் படம் போட்டு, 'வலிக்கும் இடத்தில் விரலை வை' என்று அச்சிட்டுத் தந்தால் பேருதவியாக இருக்கும். வாயால் சொல்லக் கூசுகிற பிள்ளை படத்தில் தொட்டுக் காட்டும். பர்மியமும் தமிழும் சேர்த்துப் போட்டால் சயாக்களும் படிப்பார்கள். வெட்டி எடுத்து வகுப்புச் சுவரில் நானே ஒட்டிவிட்டு வருகிறேன். வரும் மாதம் என் மகள் மறுபடி அங்கேதான் போகப் போகிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கூன்