அந்தக் கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுங்கள்

மின் பகிர்மானப் பிரிவு அலுவலக அதிகாரிகளுக்கு வணக்கம்.

வயலுக்கு மேல் தாழத் தொங்குகிற மின்கம்பியைப் பற்றி எழுதுகிறேன். எந்த வயல், எந்தக் கம்பி என்று உங்களுக்கே தெரியும். ஊர்க்காரர்கள் கொடுத்த மூன்று மனுக்கள் உங்களிடம் இருக்கின்றன.

போன வியாழக்கிழமை சம்பாப் பயிருக்கு இலைச்சுருட்டுப் புழு மருந்து அடிக்கும்போது எங்கள் மகளிர் குழுவின் ட்ரோன் அந்தக் கம்பியில் மோதி விழுந்தது. 10 லிட்டர் டேங்க் உடைந்து மருந்தெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியது. கம்பி அறுந்து தண்ணீர் நிற்கிற வயலுக்குள் விழுந்தது. பதறி இறங்கப் போன பெண்ணின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய், கம்பியில் மின்சாரம் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது.

"பார்த்து ஓட்டக் கூடாதாம்மா?" என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பார்த்துத்தான் ஓட்டினேன், ஐயா. வரப்பில் நின்று மண்வெட்டியை உயர்த்தினால் தொட்டுவிடும், அவ்வளவு தாழத் தொங்குகிறது அது. வயல்காரர் மூங்கில் நட்டு முட்டுக் கொடுத்திருந்தார். காலையில் முட்டு நின்றது, அதை வைத்து உயரம் கணக்குப் போட்டேன். அப்புறம் அடித்த காற்றில் மூங்கில் சாய்ந்து கம்பி இறங்கிவிட்டது. மேகமூட்டத்தில் கண்ணுக்கும் படவில்லை, சென்சாரும் சொல்லவில்லை. இன்னும் மேலே பறக்கலாமே என்பீர்கள். பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டரில் பறந்தால்தான் மருந்து இலையில் படியும்.

ஆஸ்திரேலியாவில் விமானத்தில் மருந்து தெளிப்பவர்கள் கம்பியில் மோதிய விபத்துகளை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டது. மோதியவர்களில் 63 சதவீதம் பேருக்கு அந்த இடத்தில் கம்பி இருப்பது முன்பே தெரியும். தேர்ந்த விமானிகளுக்கே அப்படியென்றால், 15 நாள் பயிற்சி பெற்ற எங்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

வயலில் போகிற கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறை சொல்கிறது. எங்களைப் போன்ற மகளிர் குழுக்கள் ட்ரோன் வாங்க 80 சதவீத மானியம் தந்தது அரசு. அது பறக்கிற வயலில் என்ன தொங்குகிறது என்று யாரும் வந்து பார்க்கவில்லை. ட்ரோன் வருவதற்கு முன்பும் அந்தக் கம்பிக்குக் கீழேதான் நாற்று நட்டோம், களை பறித்தோம். அப்போதும் மனு கொடுத்தோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுந்ததை மறுநாளே லைன்மேன் அண்ணன் வந்து சேர்த்துவிட்டார், அதற்கு நன்றி. ஆனால் அதே தொய்வு. வயல்காரர் புது மூங்கில் நட்டிருக்கிறார்.

அடுத்த மருந்துக்கு இன்னும் 15 நாள் இருக்கிறது. அதற்குள் நடுவில் ஒரு கம்பம் போட்டு, கம்பியை இழுத்துக் கட்டிக் கொடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ட்ரோன் ஓட்டும் மகளிர் குழு உறுப்பினர்