சங்கிலி வாங்காதே, தம்பி

தாம்சன், சிங்கப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொடுத்து அனுப்பிய கோடாலித் தைலம் இரண்டும் வந்து சேர்ந்ததா? ராத்திரி தேய்த்துவிட்டு, காலைத் தலையணைமேல் வைத்துப் படுக்கச் சொல்.

போனில் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் பிடுங்கிக்கொள்கிறார்கள், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். "லேப்ரடார் நாய் வாங்கலாமா, ஜெர்மன் ஷெப்பர்டு வாங்கலாமா? நீதான் ரெண்டையும் வளர்க்கிறியே, சொல்லு" என்று போன வாரம் கேட்டாய். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

முதலில் ஒன்று. இங்கே எல்லா வீட்டிலும் பெரிய நாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே. இந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் வீவக என்கிற அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். அதுவும் அனுமதித்த 62 வகைச் சின்ன நாய்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். நான் வேலை செய்வது தரைவீடு என்பதால்தான் இரண்டு பெரிய நாய்கள். இரண்டுக்கும் லைசென்ஸ் உண்டு, தோலுக்கடியில் அரிசி அளவுக்கு ஒரு சிப் உண்டு. தெருவில் தனியாகத் திரிகிற நாயை நான் இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை.

காலை ஆறு மணிக்கு இரண்டையும் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். நம் ஊரில் அந்நேரம் பால்காரர் வந்து போயிருப்பார், இங்கே ஏழு மணிக்குத்தான் விடியும். தெருவிளக்கு வெளிச்சத்தில் நடந்து பீஷான் பூங்காவுக்குப் போவோம். அங்கே ஆற்றில் நீர்நாய்க் கூட்டம் ஒன்று குட்டிகளோடு வரும். அதைக் கண்டால் லேப் தண்ணீருக்குள் பாயப் பார்க்கும், ஷெப்பர்டு காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். இரண்டின் குணமும் அந்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிடும்.

லேப் பெயர் மோச்சி, நாலு வயது, 33 கிலோ. ஷெப்பர்டு ரெக்ஸ், ஒன்பது வயது, 36 கிலோ. ரெக்ஸுக்கு மூன்று வயதாக இருக்கும்போது நான் இந்த வீட்டுக்கு வந்தேன். மோச்சியைக் குட்டியிலிருந்து வளர்த்ததே நான்தான்.

மோச்சியைக் குளிப்பாட்டும்போது ஒருநாள் கால்விரல்களை விரித்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் வாத்துக்கு இருக்கிற மாதிரி தோல். சாரிடம் கேட்டேன். லேப்களின் மூதாதைகள் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவுப் பக்கம் மீனவர்களோடு கடலில் இறங்கிக் கயிறும் வலையும் இழுத்த நாய்கள் என்றார். அதிராம்பட்டினத்தில் அப்பா வலை இழுத்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதனால்தானோ என்னவோ, மோச்சி எதையும் வாயில் கவ்வி எடுத்து வந்து நம்மிடம் கொடுத்துவிடும். செருப்பு, துணி கிளிப், ஒருமுறை உடையாத முட்டை ஒன்று. பல் படாமல் கவ்வும். பிள்ளைகள் கையைப் பிடித்தாலும் அப்படித்தான். யார் வந்தாலும் வாலாட்டும், திருடன் வந்தாலும் ஆட்டும். காவலுக்கு லேப் வேண்டும் என்று நீ நினைத்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடு.

ரெக்ஸின் இனம் ஆடு மேய்க்க வந்தது. 1899-இல் ஜெர்மனியில் ஒரு ராணுவக் கேப்டன் இந்த இனத்தைத் தனியாகப் பதிவு செய்து வளர்க்க ஆரம்பித்தாராம். அறுப்பு முடிந்ததும் நம் வயல்களில் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுவார்களே, ராத்திரியெல்லாம் அவர்களின் நாய்கள் கிடையைச் சுற்றிச் சுற்றி வருமே, அந்த வேலைதான். வேலி இல்லாத இடத்தில் இந்த நாயே வேலி. இப்போதும் முற்றத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் ரெக்ஸ் வட்டமடித்து, மூக்கால் முட்டி, எல்லோரையும் ஒரு மூலைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கும். தெரிந்தவர்களுக்கு அது அழகு. உன் சின்னப் பாப்பா மாதிரி நாலு வயசுக் குழந்தையாக இருந்தால் பயந்து வீறிட்டுவிடும்.

ஷெப்பர்டை வெளியே கூட்டிப்போனால் வாரோடு வாய்க்கூடும் போட்டாக வேண்டும் என்பது இங்கே சட்டம். களத்தில் போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரிதான். லேப்புக்கு அது கிடையாது. ரெக்ஸ் ஆறு வருஷத்தில் யாரையும் கடித்ததில்லை. ஆனாலும் மாட்டித்தான் போவேன். கூட்டைக் கையில் எடுத்ததும் தானே வந்து மூக்கை உள்ளே நீட்டும். அந்த அளவுக்கு அதைப் பழக்க, ஒரு வருஷம் தினமும் அரைமணி நேரம் சார் தன் கையாலேயே பயிற்சி கொடுத்தாராம். உனக்கு அந்த அரைமணி நேரம் இருக்கிறதா? காலை ஏழுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறாய்.

லேப்பில் தொந்தரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் 'ஆ மா' என்று கூப்பிடுவார்கள். என் காதில் அது 'அம்மா' என்றே விழும். ஒருநாள் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஆ மாவைப் பார்த்த சந்தோஷத்தில் மோச்சி பாய்ந்து மேலே காலைப் போட, அவர் தள்ளாடி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஒன்றரை மாதம் கட்டு. கடித்தால்தான் ஆபத்து என்று இல்லை, தம்பி. 33 கிலோ அன்பும் ஆளைச் சாய்த்துவிடும். நம் அம்மா இருக்கிற இருப்பில் அதை யோசித்துப் பார். அப்புறம் மோச்சியை உட்கார்ந்து வரவேற்கப் பழக்கினோம். கதவு திறந்ததும் உட்கார வேண்டும், உட்கார்ந்தால்தான் தடவிக்கொடுப்போம். மூன்று மாதம் ஆனது, ஆனால் கற்றுக்கொண்டது.

தின்பதிலும் அப்படித்தான், லேப்புக்குப் போதும் என்பதே தெரியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று வீட்டுப் பையன் படித்துக் காட்டினான். சுமார் கால்வாசி லேப்களுக்கு ஒரு ஜீனில் கோளாறாம், அதனால் வயிறு நிறைந்தாலும் பசி அடங்காதாம். ஆகவே காலை 160 கிராம், மாலை 160 கிராம் என்று தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். நம் வீட்டில் ஆளுக்கொரு கை போடுவோமே, அது கூடாது. வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோறு, சாக்லேட், திராட்சை எதுவும் ஆகாது. வெந்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், அது ஊசியாகப் பிளந்து குடலைக் கிழித்துவிடும்.

காது இன்னொன்று. மோச்சிக்குத் தொங்கு காது. குளிப்பாட்டிவிட்டு உள்ளே துடைக்காமல் விட்டால் நாலாம் நாள் முகர்ந்து பார்க்கும்போதே தெரியும், இட்லி மாவு அளவுக்கு மிஞ்சிப் புளித்தால் வருமே, அந்த வாடை. அப்படியென்றால் காதில் பூஞ்சை. ரெக்ஸுக்கு நிமிர்ந்த காது, அந்தத் தொல்லை இல்லை. முடி இரண்டுக்கும் கொட்டும். மேலே ஒரு முடி, உள்ளே பஞ்சு மாதிரி இன்னொரு முடி. தினமும் கூட்டினாலும் சோற்றில் ஒன்று கிடக்கத்தான் செய்யும். உன் வீட்டுக்காரியிடம் இதை முன்னாடியே சொல்லிவிடு, பிறகு சண்டை வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பகலில் 32 டிகிரி போல இருக்கும், அதற்கே புழுக்கத்தில் இரண்டும் நாக்கைத் தொங்கப் போட்டுவிடும். சித்திரை வெயிலில் நம் தெரு எப்படி இருக்கும்? புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணு. சுட்டால் நாயை இறக்காதே. எந்த இனம் வாங்கினாலும் விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும்தான் நடை, பகல் முழுக்க நிழலும் காற்றாடியும் வேண்டும்.

இப்போது ரெக்ஸைப் பற்றி. இதை எழுதத்தான் கஷ்டமாக இருக்கிறது. போன தைமாதம் நடைபாதையில் ஒரு சத்தம் கேட்டது, சர்க், சர்க் என்று. பார்த்தால் அதன் வலது பின்னங்காலின் நகம் தரையில் உரசுகிறது. நடு இரண்டு நகமும் மொட்டையாகத் தேய்ந்து போயிருந்தன. தண்டுவடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய், ஷெப்பர்டுகளில் அதிகம் பார்க்கிறோம், வலி இருக்காது, மருந்தும் கிடையாது என்று டாக்டர் சொன்னார். இப்போது ஒரு துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தபடிதான் படி இறக்குகிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. இறங்கியதும் திரும்பி என் முகத்தைப் பார்க்கும். வீட்டை நினைத்து நான் அழுத ராத்திரிகளில் என் அறை வாசலில் வந்து படுத்த நாய் அது. இரண்டில் யார்மேல் எனக்குப் பிரியம் என்று நீ கேட்கவில்லை. கேட்டால் ரெக்ஸ் என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் உனக்கு ஷெப்பர்டு வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஷெப்பர்டுக்கு ஓர் ஆள் வேண்டும், நாள் முழுக்க ஒரு வேலை வேண்டும். அது இரண்டும் இல்லாவிட்டால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும். முதல் மாதம் மடியில் வைத்துக் கொஞ்சுவோம். ஆறாவது மாதம் குரைக்கிறது, கடிக்க வருகிறது என்று கேட்டில் கட்டுவோம். கட்டிப்போட்ட ஷெப்பர்டு கண்ட நிழலுக்கெல்லாம் பாயும். ஒருநாள் சங்கிலி அறுந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் பாயும்.

நம் பழைய நாய் மணியை நினைத்துப் பார். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் ராத்திரி நாம் எல்லோரும் பெரியப்பாவின் மாடி வீட்டுக்கு ஓடினோம். அரிசி மூட்டையைத் தூக்கினோம், பத்திரத்தை எடுத்தோம், முருங்கை மரத்தில் கட்டியிருந்த மணியை அவிழ்த்துவிட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காலையில் வந்து பார்த்தால் முருங்கை மரமே இல்லை, தென்னை எல்லாம் தரையில். மூன்றாம் நாள் மணி வந்தது, கழுத்தில் அரை முழச் சங்கிலி, கழுத்தைச் சுற்றிலும் பச்சைப் புண். அதன்பின் யார் கிட்டே போனாலும் உறுமியது. தென்னை போனதால்தான் நான் இங்கே வந்தேன் என்று எல்லோரும் சொல்வீர்கள், உண்மைதான். ஆனால் என் மனசில் இன்னும் ஆறாமல் கிடப்பது அந்தச் சங்கிலி. இங்கே முதல்முதலாக ரெக்ஸின் கழுத்துப் பட்டையைத் தொட்டபோது, உள்ளே ஒரு விரல் போகிற அளவுக்கு இடம் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அதனால் லேப் வாங்கு. அதையும் கட்டிப்போடுவதற்காக வாங்காதே. ராத்திரி திண்ணையிலோ கூடத்திலோ படுக்கட்டும். லேப்பைத் தனியாகக் கட்டினால் அது ஏங்கிப்போய்த் தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

குட்டியை எடுக்குமுன் தாயைப் பார், முடிந்தால் தகப்பனையும் பார். எழுந்து நடக்கும்போது இடுப்பு ஆடுகிறதா என்று கவனி. பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுதான் சீக்கிரம் கெடும், அது தாய் தகப்பன் வழியாகவும் வரும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்தால் வாங்காதே. எடுத்ததும் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டு, பட்டுக்கோட்டையிலிருந்து பக்கம்தானே. பார்வோ என்கிற குடல் நோய்க்கான ஊசியைத் தள்ளிப்போடாதே. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்கிற கணக்குப்படி. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு அந்த நோயே இல்லை, இங்கே யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. நம் ஊர் அப்படியில்லை, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

பன்னிரண்டு வயது வரை இருக்கலாம். கடைசி இரண்டு வருஷம் தூக்கிப் பிடிக்க வேண்டி வரும். அம்மாவால் முடியாது, பெரியவனுக்கு அப்போது இருபது வயது தாண்டியிருக்கும், அவனிடம் இப்போதே சொல்லிவை.

இங்கே நம் ஆட்களின் கடைவீதியான தேக்காவில் தீபாவளி விளக்குகள் போட்டுவிட்டார்கள். காலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். குட்டியைத் தீபாவளி கழிந்து எடு. புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வெடிச்சத்தம் கேட்டால், அந்தப் பயம் ஆயுசுக்கும் போகாது. ஊசிக்கும் முதல் மூன்று மாதத் தீனிக்கும் நான் பணம் அனுப்புகிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அதைக் கூட்டிப்போகப் போவது யார் என்று மட்டும் பதில் எழுது. பெயரைப் போட்டு எழுது.

ரெக்ஸுக்குப் படி இறங்கும் நேரம். போய் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா