யாழினி கேஷுவாலிட்டிக்கு வரட்டும்

தர்மபுரி

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷமும் பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லை என்று எழுதியிருக்கிறாய். கூழ் கம்பெனிக்காரர்கள் வைத்ததுதான் விலை என்றாகிவிட்டது, என்ன செய்ய. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வீட்டு மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். எனக்குத்தான் வேலை கூடிவிட்டது.

சரி, யாழினி விஷயத்துக்கு வருகிறேன். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்துகிற மாணவர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு, எங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்களுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் செய்வது பற்றி அவள் விண்ணப்பிப்பதை நினைத்துச் சந்தோஷப்படாமல், "எச்.ஐ.வி. என்று தலைப்பு வைத்தால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசுவார்கள்" என்று நீயும் அண்ணனும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கிருமி இந்தியாவில் இருப்பது தெரியவந்ததே ஒரு மாணவியின் ஆராய்ச்சியால்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற முதுகலை மாணவி, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க வேறு வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. மாதிரி எடுக்கிற இடத்துக்கு நிர்மலாவை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது அவர் கணவர்தான்! அப்படி ஒரு மாப்பிள்ளையைத் தேடுவோம், விடு.

ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் உனக்கு இருக்கிறது. எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. தொட்டால், பேசினால், பக்கத்தில் உட்கார்ந்தால் வராது. எச்.ஐ.வி. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால்கூட, ஆயிரம் பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் தொற்ற வாய்ப்பு. அதையும் தடுக்க மருந்து உண்டு. யாழினி பெரும்பாலும் ஊசியைத் தொடப்போவதே இல்லை. நோட்டும் பேனாவுமாக நிற்கப்போகிறாள்.

ஏன் கேஷுவாலிட்டியில் போய் இந்த டெஸ்ட் என்று அண்ணன் கேட்டாராம். நல்ல கேள்விதான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் 108-ல் இங்கே வருகிறவர்கள் யார்? வடக்கே இருந்து வந்த டிரைவர், கிளீனர், கட்டட வேலைக்குப் போகிற பையன். காய்ச்சல் என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றதே கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் அவர்கள் வருவதே அடிபட்டால்தான். அமெரிக்காவில் 2006-லேயே, 13 முதல் 64 வயது வரை எல்லோருக்கும் சோதனை செய்யுங்கள், வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள் என்று அறிவுறுத்தினார்கள். அதில் அவசரப் பிரிவும் சேர்த்தி. இங்கிலாந்திலும் அவசரப் பிரிவில் இதேபோல 2022 ஏப்ரலில் லண்டன் போல நோய் அதிகமுள்ள ஊர்களில் தொடங்கினார்கள்.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது என்பதுதான் என் எண்ணம். நம் நாட்டில் பெரியவர்களில் சுமார் 0.2 சதவீதம் பேருக்குத்தான் தொற்று. யாழினி இரண்டு மாதத்தில் ஐந்நூறு பேரைச் சோதித்தால் ஒருவர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதை வைத்து என்ன எழுதுவாள்? போதாததற்கு, தொற்று குறைவான இடத்தில் முதல் ரேபிட் கிட் காட்டுகிற பாசிட்டிவ் பொய்யாகவும் இருக்கும். அதனால்தான் அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு கிட்டில் பார்க்காமல் நம்பிக்கை மையத்தில் (அரசு எச்.ஐ.வி. சோதனை, ஆலோசனை மையத்தில்) பாசிட்டிவ் என்று சொல்ல மாட்டார்கள்.

கேட்கிற இடமும் சிக்கல். போன மாதம் விரல் நசுங்கி ஒரு கிளீனர் வந்தார். கட்டிலைச் சுற்றி மச்சான், சித்தப்பா, வண்டி முதலாளி என்று ஆறு பேர். இழுக்கிற திரைக்குப் பாதி வளையமே இல்லை. அங்கே வைத்து எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்குச் சம்மதமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? 2017 எச்.ஐ.வி. சட்டப்படி விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், ரகசியமும் காக்க வேண்டும். குடித்திருப்பவரிடமும் அரை மயக்கத்தில் இருப்பவரிடமும் வாங்குவது சம்மதமே இல்லை. அதனால் யாழினியை, டெஸ்ட்டுக்கு எத்தனை பேர் ஒத்துக்கொண்டார்கள், மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள், யார் கேட்டால் பேசுகிறார்கள் என்று பார்க்கச் சொல். அதற்கு ஐந்நூறு பேர் தாராளம்.

அதைவிட எனக்குப் பிடித்த தலைப்பு ஒன்று இருக்கிறது: ஊசி குத்துவதுபோல ஏதாவது நேர்ந்த பிறகு, கிருமி தொற்றாமல் இருக்கச் சாப்பிடுகிற தடுப்பு மாத்திரை. முன்பு நான் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில், நைட் டூட்டியில் புதுசாக வந்த நர்ஸ் பெண்ணுக்குக் கிளவுஸைத் தாண்டி ஊசி குத்திவிட்டது. விரலைப் பிசைந்து பிசைந்து ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். பிசையவே கூடாது, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். முதல் வேளை மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், போனால் போகிறதென்று 72 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை அலமாரியில் இருந்தது, சாவி ஸ்டோர்காரர் வீட்டில். அவர் வருவதற்குள் விடிந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பலாத்காரத்துக்கு ஆளாகி வருகிற பெண்களுக்கும் இதே மாத்திரைதான், இதே கெடுதான். அப்படி ஒருத்தி போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பாள். அந்த நேரத்தில் நாம் சாவி தேடிக்கொண்டிருந்தால்? ராத்திரி மாத்திரை யார் கையில் இருக்கிறது, டூட்டியில் இருப்பவர்களுக்கு 72 மணி கெடு தெரியுமா, பாசிட்டிவ் வந்தவர் விடிகாலையில் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் அவரை எச்.ஐ.வி.க்கு மருந்து தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் சேர்ப்பது யார் பொறுப்பு என்று யாழினி எழுதினால், என்னைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருக்கும். மருந்து 2004-லிருந்து இலவசம். தினம் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால், உடலுறவில் துணைக்குக்கூடப் பரவாது. ஆள் போய்ச் சேர்ந்தால்தானே இதெல்லாம்.

அவளுடைய கைடு ஒத்துக்கொண்டு, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வந்தால், இரண்டு மாதமும் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, அம்மாவுக்கும் பேச்சுத்துணை. அண்ணனிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி இல்லை, காலையில் போனை எடுக்கச் சொல். அப்புறம், அவளை அனுப்பும்போது ஒரு பை மல்கோவா கொடுத்துவிடு, பெங்களூரா வேண்டாம்.

அன்புடன்,
செல்வி