நூற்கண்டுப் பெட்டியைத் திரும்பப் பெற்று முழுத் தொகையும் இழப்பீடும் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், ஜெயநகர், பெங்களூரு.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களிடம் வாங்கிய, கண்டுகளைச் செருகி நிறுத்த அறுபது முளை வைத்த நூற்கண்டுப் பெட்டியின் குறைகளைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன பிறகு இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிய புகார் எண் வருகிறதே தவிர, பதில் வருவதில்லை.

தூண்டில் முள்ளில் இறகையும் ரோமத்தையும் வைத்து நூலால் இறுக்கிக் கட்டும் ஃப்ளைகளை, அதாவது மீனை ஈர்க்கும் பூச்சி வடிவப் போலி இரைகளை, நான் நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். அந்த வேலைக்கான நூலை வைப்பதற்கென்றே உருவாக்கிய பெட்டி என்று தாங்கள் விளம்பரம் செய்ததை நம்பித்தான் வாங்கினேன். மேல் இரண்டு வரிசை முளைகள் அளவுக்கு மீறித் தடிமனாக இருக்கின்றன. நூற்கண்டின் துளையில் அவை பாதிக்கு மேல் இறங்குவதில்லை. கண்டு சாய்ந்து நின்று, மூடியை மூடும்போது இடிபட்டுக் கழன்று விழுகிறது. நூல் நுனியைச் செருகி வைக்கும் பிளவு எல்லாக் கண்டுகளின் விளிம்பிலும் இருப்பதில்லை என்பதால் ரப்பர் வளையங்களும் உடன் வரும் என்று எழுதியிருந்தீர்கள். அவையும் வரவில்லை. 9,000 மீட்டர் நீளத்துக்கு 70 கிராம் மட்டுமே எடையுள்ள 70 டெனியர் நூல் பிரிந்து பக்கத்துக் கண்டுகளோடு பின்னிக்கொண்டால், கத்தரிக்கோலைத் தவிர வேறு வழியே இல்லை.

பீன்யாவில் உள்ள தங்கள் சேவை மையத்துக்கு வரச் சொன்னது யார் என்பதை முதலில் விசாரியுங்கள். அவ்வளவு பெரிய பெட்டியை மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு, நூற்கண்டுகள் உள்ளே உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தால், முதலில் வந்த அட்டைப்பெட்டி இல்லாமல் வாங்க மாட்டோம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கக் கூடாதா? அதற்கும் முன்பு, தமிழ் தெரிந்தவரிடம் இணைக்கிறோம் என்று ஒருவரிடம் கொடுத்தபோது மனம் குளிர்ந்தேன். அவரோ, "தையல் நூல்தானே சார், ஒரு கவர்ல போட்டு வைங்க, இதுக்குப் போய் இத்தனை போனா?" என்று கேட்டுவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார். அந்த அழைப்பின் ஒலிப்பதிவு தங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். என் வயதுக்குக்கூட மரியாதை தராத அந்தப் பேச்சை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மூடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் மூடி என்பதற்காகவே கூடுதல் விலை கொடுத்தேன். பட்டும் நைலானும் வெயில் படப்பட வலுவிழப்பவை. சன்னலோர மேசையில் இருந்த சிவப்புப் பட்டுக் கண்டின் மேல்சுற்றுகள் வெளிறிவிட்டன. பிரித்துப் பார்த்தால் உள்சுற்று மட்டுமே பழைய சிவப்பில் இருக்கிறது. முள்ளில் இரண்டு சுற்று இறுக்கியதும் நூல் பட்டென்று அறுகிறது. வெளிநாடு சென்று வருபவர்களிடம் சொல்லிச் சொல்லி, நிறம் நிறமாக நான் சேர்த்தவை இந்த நூல்கள். என் வாழ்நாள் சேமிப்பே தங்கள் பெட்டியால் பாழாகிவிட்டது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. பதினைந்து நாட்களுக்குள் தங்கள் ஆளை அனுப்பிப் பெட்டியை எடுத்துச் சென்று, அதன் முழு விலையையும் கெட்டுப்போன நூல்களின் விலையையும் தர வேண்டுகிறேன். மாற்றுப் பெட்டி வேண்டாம். அதிலும் அதே முளைகள்தானே இருக்கும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதோடு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் பெங்களூருவிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்கும் தொடுப்பேன். தங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் இங்கு வந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ரசீதின் நகலையும், சாய்ந்து நிற்கும் கண்டுகள், வெளிறிய பட்டு ஆகியவற்றின் படங்களையும் இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். அந்த நபரை மறுபடி என்னோடு பேச வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்