என் மகளின் முதல் வருடத்தில் கூட இருந்தவர்களுக்கு

அடுத்த வாரம் பாப்பாவுக்கு ஒரு வயது. அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா, முதலில் உனக்கு. பிரசவமான நாலாம் நாள் ராத்திரி நான் தூங்காமல் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன், மனசு அப்படி ஓடியது, தூக்கமே தேவையில்லை என்று தோன்றியது. சந்தோஷத்தில் இருக்கிறாள் என்றார்கள் எல்லோரும். "பிள்ளை தூங்கும்போதுகூட இவளுக்குத் தூக்கம் வரவில்லையே" என்று பயந்தது நீ ஒருத்திதான். மறுநாள் குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நான் கத்தியபோது நீ வாதாடவில்லை. பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாய், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய்.

டாக்டர், "இதற்குப் பெயர் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், பிரசவத்துக்குப் பிறகு வரும் தீவிரமான மனநோய், ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது, நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை, குணமாகும்" என்று வீட்டாரிடம் மட்டும் சொல்லாமல் என்னிடமும் சொன்னீர்கள். என் காதில் அது ஏறாத நாட்களிலும் விடாமல் சொன்னீர்கள். அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், முன்கூட்டியே வந்து பாருங்கள் என்று ஒளிக்காமல் சொன்னதற்கும் நன்றி.

மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மருந்து ஆரம்பித்ததும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருந்தது. அன்று நான் அழுத அழுகை! ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ் அம்மா, பால் புட்டியை என் கையில் கொடுத்து, பாப்பாவை என் மடியில் வைத்து, உங்கள் கையையும் அடியில் தாங்கலாக வைத்துக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தீர்களே, குழந்தையை என்னிடம் கொடுக்கலாம் என்று எனக்கே நம்பிக்கை இல்லாத நேரம் அது.

என் காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் நின்ற பிறகுதான் வீட்டில் பெரிய பாடு. மாதக்கணக்கில் சோர்வு, வெட்கம், எதிலும் பிடிப்பில்லை. நான் தூங்க வேண்டும் என்பதற்காக ராத்திரிப் பால் முழுவதையும் ஏற்றுக்கொண்ட என் கணவருக்கு, ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் கூட வந்த அம்மாவுக்கு, "எனக்கும் இதே நினைப்புதான் வந்தது" என்று போனில் சொன்ன, எனக்கு முன்னால் இதைக் கடந்து வந்த அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது, நன்றி என்பதற்கு மேல் வார்த்தை தெரியவில்லை.

அப்புறம் அக்கா, அந்த நோட்டு. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பாதி எனக்கு நினைவில்லை. எவ்வளவு பால் குடித்தாள், எப்போது தும்மினாள் என்று நீ தினமும் எழுதி வைத்திருந்தாய். 12-ஆம் நாள் பக்கத்தில், "இன்று உன் துப்பட்டாவை விரித்துப் படுக்க வைத்தேன், உடனே தூங்கிவிட்டாள்" என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை இன்றைக்கும் எடுத்துப் படித்தேன்.