வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களையும் கேளுங்கள்

போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். எனக்குப் பதினாறு வயது. உள்ளே அப்பாவிடம் தூக்கம், கனவு, கோபம் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள். 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு வருகிறார். அது பொய் இல்லை. ராத்திரியில் கத்தியது பல நாள் காலையில் அவருக்கே நினைவிருப்பதில்லை. எனக்கு இருக்கும்.

பன்னிரண்டு வயதில், அவர் முனகுவதைக் கேட்டுத் தோளைத் தொட்டு எழுப்பினேன். கண் திறப்பதற்குள் என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது. நான்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்தேன். தொடக் கூடாது, கதவருகே நின்று 'அப்பா, நான்தான், வீட்டுலதான் இருக்கோம்' என்று சொல்ல வேண்டும் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஐந்து நிமிடம் ஒதுக்கி யாராவது சொல்லியிருக்கலாம்.

மீதியையும் நானே தேடிப் படித்தேன். அப்பாவுக்கு இருக்கும் இந்த நோயை முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்றார்களாம். பேரதிர்ச்சிக்குப் பின்னும் நீடிக்கும் மனப் பாதிப்பைக் குறிக்கும் பிடிஎஸ்டி என்ற பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறியது. கதவு காற்றில் அறைந்தால் பதறுவதும், எங்கே போனாலும் வாசலைப் பார்த்தே உட்காருவதும் நோயின் வேலை. அது ஓரளவு தெரிந்ததுதான். உணர்ச்சி மரத்துப்போவதும் அறிகுறி என்று படித்த அன்றுதான் அழுதேன். நான் பரிசு வாங்கி வந்தபோது 'சரி' என்று மட்டும் சொன்னார். அதை இத்தனை வருடமாக என் குறையாகவே வைத்திருந்தேன். கத்தலைக்கூடத் தாங்கிவிடலாம், அந்த 'சரி'யைத் தாங்க முடியாது.

இப்போது அந்த நினைவுகளைத் திரும்பத் திரும்பப் பேசவைக்கும் சிகிச்சையைத் தொடங்கப்போகிறீர்கள். சிலருக்கு ஆரம்பத்தில் தொந்தரவு கொஞ்ச நாள் கூடுமாம். அந்த நாட்களில் அவரோடு வீட்டில் இருக்கப்போவது நாங்கள். எந்த வாரம், என்ன எதிர்பார்க்கலாம், நிலைமை கைமீறினால் யாரைக் கூப்பிடுவது? இதையாவது சொல்லுங்கள். அங்கே அவர் என்ன பார்த்தார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அது அவருடையது. எதையும் அவர் சம்மதத்தோடு செய்தால் போதும். முதுகுக்குப் பின்னால் பேசினால் அவர் திரும்பி வரமாட்டார்.

அடுத்த தடவையும் பெஞ்சில்தான் இருப்பேன். அவர் பெயரைக் கூப்பிடும்போது, நானும் வரலாமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு படைவீரரின் மகள்