தொட்டிக்குள் அனுப்புவதானால் அதை எழுதிக் கொடுங்கள்

சேலத்திலிருந்து வெல்டர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்களுக்கு,

வணக்கம்.

இரும்பாலை ரோட்டு ஷெட்டில் நீங்கள் வைத்த டிரேடு டெஸ்ட்டில் 6ஜி (சாய்த்து அசையாமல் நிறுத்திய பைப்பைச் சுற்றி வெல்டு வைக்கும் சோதனை) தேறிப் போனவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். ‘ஷிப்யார்டு, பைப் வெல்டிங்’ என்றுதான் உங்கள் தாளில் இருந்தது. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பழைய எண்ணெய்க் கப்பலைக் கடலில் நிறுத்தி எண்ணெய் எடுத்துச் சேமிக்கும் மிதவை நிலையமாக மாற்றுகிற வேலை என்று. மேலே பைப் வேலை இல்லை. கீழே தொட்டிக்குள் அரித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கிற வேலை.

அது எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்குத் தெரியாதா? பெரிய டேங்கரின் தொட்டி 30 மீட்டர் ஆழம்கூட இருக்கும். எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் எண்ணெய்ச் சகதி மிச்சம் இருக்கலாம்; சூடு பட்டால் ஆவி கிளம்பும். மூடிக் கிடந்த தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை வராது, கண் எரியாது. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டியது பத்துக்குக் கீழே போனால் ஆள் நின்ற இடத்திலேயே விழுவான், தூக்க இறங்குகிறவனும் விழுவான். அதனால்தான் கேஸ் மீட்டர், காற்றோட்டம், மேலே ஒரு காவல் ஆள், எழுத்தில் அனுமதி எல்லாம். எங்கள் பையனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. மீட்டரில் எந்த எண் வந்தால் மேலே ஏற வேண்டும் என்று, உடன் இறங்கிய ஒடிசாக்காரர் சைகையில் காட்டினாராம். போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். அக்கா பக்கத்தில் இருந்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

நாங்கள் கேட்பது இதுதான். வேலை தொட்டிக்குள் என்றால் ‘தொட்டிக்குள்’ என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். ஏற்றி அனுப்பும் முன் மூடிய இடத்தில் இறங்கும் பயிற்சி கொடுங்கள்.

டேங்கரிலிருந்து மாற்றிய இப்படியொரு கப்பல் 2015 பிப்ரவரியில் பிரேசில் கடலில் வெடித்து 9 பேர் இறந்தார்கள். பம்ப் அறைக் கசிவைப் பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு.

இருபது வருஷம் கரைக்கு வராமல் நிற்கப்போகிற கப்பல் என்று தகடு தகடாகக் கனம் அளக்கிறார்கள். உள்ளே இறங்குகிறவனுக்கு உங்களிடம் உள்ள ஒரே அளவு 6ஜி. பத்தாவது தேறியவன் என்பதால் அரசின் குடிபெயர்வு அனுமதியும் வேண்டாம். ஆகக் கேட்பாரும் இல்லை. சட்டப்படி உங்கள் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். வாங்கியது எவ்வளவு, ரசீதில் எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. அக்காவின் வளையல் எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அடுத்த டெஸ்ட் என்று ஃபிளக்ஸ் பார்த்தேன். அதற்குள் அந்தத் தாளில் ஒரு வரி சேர்த்துவிடலாம். பயிற்சிக்கு இடம் இல்லை என்றால் என் பட்டறையைத் தருகிறேன், வாடகை வேண்டாம். தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறைக்காரன்,
அம்மாப்பேட்டை, சேலம்